ரைசன் 7 9800எக்ஸ்3டி: எட்டு கோர் இருபத்துநான்கை முந்துவது எப்படி?

ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசசரில் இருப்பவை எட்டு கோர்கள்தான் (கோர் என்பது தனியாகக் கணக்குப் போடும் அலகு). இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே-யில் இருபத்துநான்கு. உச்சக் கடிகார வேகத்திலும் இன்டெல்தான் மேலே. அப்படியிருந்தும் கணினி விளையாட்டுகளில் முன்னது பின்னதைத் தாண்டிச் செல்வது எப்படி, விளையாட்டோடு அவ்வப்போது வீடியோ எடிட்டிங்கும் செய்பவர் இரண்டில் எதை எடுப்பது என்பது கேள்வி. விளையாட்டு ஓடும்போது ப்ராசசர் கணக்குப் போடும் நேரத்தைவிட, கணக்குக்கு வேண்டிய தரவு ரேமிலிருந்து வந்து சேரக் காத்திருக்கும் நேரமே பெரும்பாலும் அதிகம். 9800எக்ஸ்3டி அந்தக் காத்திருப்பைத்தான் குறைக்கிறது. கோர்களைக் கூட்டுவதால் அது குறைவதில்லை. சுருக்கமான விடை இவ்வளவே. இதை விரித்துச் சொன்னால்தான் இரண்டாவது கேள்விக்கும் நேர்மையாக விடை சொல்ல முடியும்.

முதலில் அடிப்படை விவரங்கள். 2024 நவம்பரில் வெளிவந்த இந்த ப்ராசசர் ஜென் 5 கட்டமைப்பைச் சேர்ந்தது. எட்டு கோர், பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைத் தொடர்). அடிப்படை வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 5.2, எல்3 கேஷ் 96 எம்பி, டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் மதிப்பு) 120 வாட், ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேம் மட்டும், பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0. இந்தப் பட்டியலில் ஓர் எண்தான் அசாதாரணமானது: எல்3 கேஷின் அளவு. கேஷ் என்பது ரேம் வரை போகாமலிருக்க ப்ராசசருக்குள்ளேயே தரவை வைத்துக்கொள்ளும் விரைவான நினைவகம்; எல்1, எல்2, எல்3 என்று எண் கூடக் கூட அளவு பெரிதாகும், வேகம் குறையும். சாதாரண எட்டு கோர் ஜென் 5 ப்ராசசரில் எல்3 கேஷ் 32 எம்பி. இதில் அதோடு 64 எம்பி கொண்ட தனிச் சிலிக்கான் துண்டு ஒன்று ஒட்டப்பட்டு, மொத்தம் மூன்று மடங்காகியிருக்கிறது. பெட்டியின்மேல் 104 எம்பி என்று அச்சிட்டிருந்தால் குழம்ப வேண்டாம்; கோருக்கு 1 எம்பி வீதம் மொத்தம் 8 எம்பி இருக்கும் எல்2 கேஷையும் சேர்த்து எழுதிய கணக்கு அது.

இந்த 64 எம்பி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நொடிக்கு 240 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 4.2 மில்லி நொடி. 5.2 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது சுமார் இரண்டு கோடியே பதினேழு லட்சம் கடிகாரச் சுழற்சிகள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோருக்கு வேண்டிய தரவு எல்1 கேஷில் இருந்தால் அதை எடுக்க நான்கு சுழற்சி, எல்2-வில் இருந்தால் பதினான்கு, எல்3-யில் இருந்தால் ஐம்பதையொட்டி ஆகிறது. அங்கும் இல்லாமல் ரேம் வரை போய்வர நேர்ந்தால் 80 நானோ நொடி அளவில், அதாவது நானூறு சுழற்சிக்கு மேல் பிடிக்கிறது. ஒரு தரவு வந்த பிறகுதான் அடுத்தது எங்கே இருக்கிறது என்பதே தெரியும் என்ற வகையில் வரிசையாக ஐம்பத்திரண்டாயிரம் முறை ரேமுக்குப் போக நேர்ந்தால், கோர் உருப்படியாக ஒன்றுமே செய்யாமல் அந்த ஃபிரேமின் நேரம் முழுவதும் தீர்ந்துவிடும்.

உண்மையில் ப்ராசசர் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு தரவுக்காகக் காத்திருக்கும்போதே, அதைச் சாராத பின்வரும் கட்டளைகளை முன்கூட்டியே செய்து வைக்கிறது. ஜென் 5-இல் ஒரே நேரத்தில் 448 கட்டளைகள் வரை இப்படி நிலுவையில் வைத்திருக்கலாம். ஆயினும் விளையாட்டின் நிரல் இதற்கு அவ்வளவாக ஒத்துழைப்பதில்லை. ஒரு பாத்திரத்தின் நிலையைப் பார்த்து, அது கையில் வைத்திருக்கும் பொருளைத் தேடி, அந்தப் பொருளின் தன்மையைப் படித்து, அதற்கேற்ப மற்றொன்றை மாற்றுவது என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போகும் வேலை அது. முன்கூட்டிச் செய்து வைக்கப் பெரிதாக எதுவும் இருக்காது. இத்தகைய வேலையில் ஒரு ஃபிரேமில் தொட்ட தரவையே அடுத்த ஃபிரேமிலும் மீண்டும் தொட வேண்டியிருக்கும். அந்தத் தொகுப்பு 32 எம்பிக்குள் அடங்காமல் 96 எம்பிக்குள் அடங்கினால், நானூறு சுழற்சி பிடித்த பயணம் ஐம்பதாகிவிடுகிறது. 9800எக்ஸ்3டி-யின் சாமர்த்தியத்தில் பெரும்பங்கு இந்த ஒற்றை வாக்கியத்தில் அடங்கும்.

இதற்கு எல்லையும் உண்டு, அதை விளம்பரங்கள் சொல்வதில்லை. தொகுப்பு ஏற்கெனவே 32 எம்பிக்குள் அடங்கிவிடும் சிறிய விளையாட்டுகளுக்குக் கூடுதல் கேஷால் பெரிய லாபம் இல்லை. 96 எம்பியையும் தாண்டி வழியும் அளவுக்குத் தொகுப்பு பெருத்துவிட்டாலும் லாபம் சுருங்கிவிடும். தொழிற்சாலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோவை விளையாடுபவர்கள் இந்த இரண்டாவது எல்லையைக் கண்கூடாகப் பார்த்திருப்பார்கள்: நடுத்தர அளவுள்ள தொழிற்சாலையில் 3டி கேஷ் (இப்படிக் கூடுதலாக அடுக்கிய கேஷ்) உள்ள ப்ராசசர் மற்றவற்றை மிகவும் பின்னால் விட்டுவிடும், ஆனால் அதே தொழிற்சாலையைப் பிரம்மாண்டமாக வளர்த்துக்கொண்டே போனால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரேயொரு சேமிப்புக் கோப்பில் எடுத்த சோதனையை வைத்துக்கொண்டு 'இத்தனை சதவீதம் வேகம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் தயங்குவதற்குக் காரணம் இதுதான்.

இனி எதிர்த்தரப்பு. கோர் அல்ட்ரா 9 285கே-யில் எட்டு பெரிய கோர்களும் பதினாறு சிறிய கோர்களும் இருக்கின்றன; ஒரே கோர் இரண்டு த்ரெட்டை ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் கைவிடப்பட்டதால் த்ரெட்டும் இருபத்துநான்குதான். பெரிய கோர்களின் உச்சவேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். எல்3 கேஷ் 36 எம்பி. இதில் கோர்கள் ஒரு சிலிக்கான் துண்டிலும், ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர் வேறொரு துண்டிலும் அமைந்திருப்பதால், தரவு ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து வர வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே துண்டில் இருந்த முந்தைய தலைமுறையைவிட ரேமுக்கான காத்திருப்பு கூடிவிட்டது. விளைவாக, வெளிவந்தபோது பல விளையாட்டுகளில் இது தன் முன்னோடியான கோர் ஐ9 14900கே-யிடமே பின்தங்கியது. பிறகு வந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ் மேம்பாடுகள் சிறிது சரிசெய்தன. அடிப்படை அமைப்பை அவற்றால் மாற்ற முடியாது. கோர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பெரும்பாலான விளையாட்டுகளில் ஓரிரண்டு த்ரெட்களே முக்கியச் சுமையைத் தாங்குகின்றன. அவை தடுமாறினால் மற்ற இருபது கோர்களும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கூடுதல் கேஷை அடுக்கும் யோசனை இந்த ப்ராசசரோடு தொடங்கியதல்ல. 2022-இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி, 2023-இல் 7800எக்ஸ்3டி என இரண்டு தலைமுறை வந்து போயிருக்கின்றன. அந்த இரண்டிலும் கேஷ் துண்டு கோர்கள் உள்ள துண்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கோர்களில் எழும் சூடு மேலே ஒட்டப்பட்ட சிலிக்கானைக் கடந்துதான் உலோக மூடியையும் கூலரையும் அடைய முடியும். சூடு சிக்கிக்கொள்ளும் என்பதால் மின்னழுத்தத்துக்கு வரம்பு வைத்தார்கள், கடிகார வேகத்தைக் குறைத்தார்கள், ஓவர்கிளாக் செய்யும், அதாவது நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டும், வழியையும் அடைத்தார்கள். விளையாட்டில் வேகம், மற்ற எல்லாவற்றிலும் தம் சாதாரண உடன்பிறப்பைவிடச் சற்று மந்தம் என்ற பெயர் அவற்றுக்கு நிலைத்ததற்கு இதுவே காரணம்.

9800எக்ஸ்3டி-யில் அடுக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். கேஷ் துண்டு அடியில். கோர்கள் அதன்மேல், மூடிக்கு நேர் கீழே. சொல்லும்போது எளிமையாகத் தெரியும் இந்த மாற்றம் செய்வதற்குச் சுலபமானதன்று, ஏனென்றால் கோர்களுக்குப் போக வேண்டிய மின்சாரமும் சமிக்ஞைகளும் இப்போது அடியிலுள்ள துண்டை ஊடுருவி மேலே வர வேண்டும். பலன் எண்களில் நேரடியாகவே தெரிகிறது: அடிப்படை வேகம் 7800எக்ஸ்3டி-யின் 4.2-இலிருந்து 4.7 கிகாஹெர்ட்ஸுக்கும், உச்சம் 5.0-இலிருந்து 5.2-க்கும் ஏறியது, தாங்கும் உச்ச வெப்பநிலை 89-இலிருந்து 95 டிகிரி செல்சியஸானது, ஓவர்கிளாக் செய்யும் வழியும் திறந்துவிடப்பட்டது. என் கணிப்பில், இந்த ப்ராசசரைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டிய பொறியியல் செய்தி இந்தத் தலைகீழ் அடுக்குதான். கேஷின் அளவு அப்படியேதான் இருக்கிறது, அதற்காகக் கொடுக்க வேண்டியிருந்த விலைதான் ஏறக்குறைய இல்லாமல் போயிருக்கிறது.

ஜென் 5 கோரைப் பற்றியும், முந்தைய தலைமுறையான ஜென் 4-ஓடு ஒப்பிட்டு, இரண்டு சொல். ஒரு சுழற்சியில் உள்ளே அனுப்பும் கட்டளைகள் ஆறிலிருந்து எட்டாயின. முழு எண் கணக்கிடும் அலகுகள் நான்கிலிருந்து ஆறாயின. எல்1 தரவுக் கேஷ் 32 கேபியிலிருந்து 48 கேபியானது. ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளை இரண்டு பாதியாகப் பிரித்துச் செய்த ஜென் 4-க்கு மாறாக, இது முழு 512 பிட் அகலத்திலேயே செய்கிறது. இவற்றில் கடைசியானது அறிவியல் கணக்கீடுகளுக்கும் சில வீடியோ என்கோடர்களுக்கும் உதவும். விளையாட்டுக்கு அவ்வளவாக உதவாது. ஜென் 5-இன் சாதாரண ப்ராசசர்கள் வெளிவந்தபோது விளையாட்டுகளில் ஜென் 4-ஐவிடப் பெரிய முன்னேற்றம் காட்டவில்லை என்ற ஏமாற்றம் பரவலாக இருந்தது. கோர் அகலமாகிவிட்டது, தரவு வந்து சேரும் வழி மட்டும் பழையது, ஏனெனில் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் ஐஓ துண்டு முந்தைய தலைமுறையில் இருந்த அதே 6 நானோமீட்டர் துண்டுதான்.

இனி பல கோர் வேலைகள். ப்ராசசரின் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23-இன் பல கோர் சோதனையில் 7800எக்ஸ்3டி ஏறத்தாழ 18,000 புள்ளிகள் எடுக்கும். 9800எக்ஸ்3டி 23,000-ஐ ஒட்டி வரும். ஒரே எட்டு கோரிலிருந்து இவ்வளவு ஏற்றம் என்பது கணிசமானதுதான். ஆனால் 285கே அதே சோதனையில் 40,000-ஐத் தாண்டிவிடும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை ப்ராசசரிலேயே ரெண்டர் செய்பவருக்கும், பெரிய நிரல்களைக் கம்பைல் செய்பவருக்கும் இந்த இடைவெளி அப்படியே நேர மிச்சமாகக் கிடைக்கும். அங்கே 64 எம்பி கேஷால் ஈடுகட்ட முடியாது.

வீடியோ எடிட்டிங்கில் கணக்கு இவ்வளவு நேரானதன்று. டைம்லைனை முன்னும் பின்னும் இழுக்கும்போது தடங்கல் வருகிறதா இல்லையா என்பது கோர்களின் எண்ணிக்கையைவிட, அந்த வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் தனிச் சுற்று வன்பொருளில் இருக்கிறதா என்பதையே சார்ந்தது. கேமராக்கள் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 வகை ஹெச்இவிசி கோப்புகளை இன்டெலின் உள் கிராபிக்ஸில் உள்ள குவிக் சிங்க் நேரடியாகவே கையாளும். ரைசனின் இரண்டு அலகுள்ள சிறிய உள் கிராபிக்ஸுக்கு அது இயலாது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டு போன்ற, அதே திறனுள்ள தனிக் கார்டு இருந்தால் இந்தக் குறை மறைந்துவிடும். ஆகவே எந்தக் கேமராவின் கோப்புகளோடு வேலை செய்கிறீர்கள், எந்தக் கார்டு போடப் போகிறீர்கள் என்பதைப் பார்க்காமல் 'எடிட்டிங்குக்கு இன்டெல்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியாகாது.

சோதனை முடிவுகளைப் படிக்கும்போது பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ப்ராசசர்களை ஒப்பிடுபவர்கள் கிடைப்பதிலேயே வலிமையான கிராபிக்ஸ் கார்டைப் போட்டு, 1080பி தெளிவில் சோதிப்பார்கள். கார்டு தடையாக நிற்காமல் ப்ராசசர்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு வெளிப்பட வேண்டும் என்பதே நோக்கம். முறை சரியானதே. ஆனால் அந்த வரைபடத்தில் காணும் இடைவெளி, நடுத்தரக் கார்டோடு 4கே திரையில் விளையாடுபவருக்கு ஏறக்குறைய முழுவதுமாக மறைந்துவிடும், ஏனெனில் அங்கே ஒவ்வொரு ஃபிரேமிலும் ப்ராசசர்தான் கார்டுக்காகக் காத்திருக்கும். உங்கள் நிலை எது என்று அறிய எளிய வழி இருக்கிறது: வழக்கமாக ஆடும் விளையாட்டை ஓடவிட்டு, கார்டின் பயன்பாட்டுச் சதவீதத்தைத் திரை மூலையில் காட்டச் செய்யுங்கள். அது 97, 98 என்று நின்றால் புதிய ப்ராசசர் உங்களுக்கு அதிகம் செய்யாது. 60, 70 என்று தத்தளித்தால், அதுவும் கூட்டமான நகரக் காட்சியில் திரும்பும்போது சரிந்தால், பழைய ப்ராசசர் கார்டுக்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள்.

சராசரி ஃபிரேம் எண்ணோடு, மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் அவசியம் பாருங்கள். சராசரி 140 இருந்தும் நடுநடுவே 50-க்கு விழுந்தால் கை உணர்வது அந்த ஐம்பதைத்தான். பெரிய கேஷ் உதவும் விளையாட்டுகளில் சராசரியோடு இந்தக் கீழ்முனையும் உயர்கிறது. திடீரென்று தேவைப்படும் தரவு ரேமில் இல்லாமல் பக்கத்திலேயே கிடைப்பதால் இடறல் குறைகிறது. ஃபிளைட் சிமுலேட்டர் வகையிலும் நகரம் கட்டும் விளையாட்டுகளிலும் இதை எந்த வரைபடமும் இல்லாமலே உணரலாம்.

ரேம் விஷயத்தில் இந்த ப்ராசசர் சிக்கனக்காரர்களுக்கு நண்பன். கோர்கள் உள்ள துண்டுக்கும் ஐஓ துண்டுக்கும் இடையேயுள்ள இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்னும் பாதை 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது, ஒரு சுழற்சிக்கு 32 பைட் வீதம், நொடிக்கு 64 ஜிபிதான் படிக்க முடியும். இரட்டைச் சேனல் டிடிஆர்5-6000 ரேமோ நொடிக்கு 96 ஜிபி தரக்கூடியது. குழாய் இப்படிக் குறுகியிருக்கும்போது அதற்குமேல் விரைவான ரேமுக்குச் செலவழிப்பதில் பொருளில்லை. போதாக்குறைக்கு, பெரிய கேஷ் ரேமுக்குப் போகும் தேவையையே குறைத்துவிடுகிறது. டிடிஆர்5-6000, சிஎல்30 வகையில் (சிஎல் என்பது ரேம் விடை தர எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) இரண்டு குச்சிகள் போதும். நான்கு குச்சி போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அப்போது ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 5600-இலிருந்து 3600-க்கு இறங்கிவிடும். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி குச்சி இரண்டாக வாங்குவதே நல்லது.

மின்சாரத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 7800எக்ஸ்3டி அசாத்தியச் சிக்கனம் என்று பெயரெடுத்தது; 9800எக்ஸ்3டி அதே அளவு சிக்கனமன்று, கடிகார வேகத்துக்கு மின்சாரத்தையே விலையாகக் கொடுக்கிறது. சாக்கெட் வழியே இழுக்க அனுமதிக்கப்பட்ட வரம்பு 162 வாட். விளையாட்டின்போது அந்த வரம்பின் பக்கம்கூடப் போகாது, எல்லாக் கோர்களும் ஓடும் ரெண்டரிங்கில்தான் நெருங்கும். 285கே-யின் உச்ச வரம்பு 250 வாட் என்பதோடு ஒப்பிட்டால் இது அடக்கமானதே. இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் ஒன்று தாராளமாகப் போதும். வாட்டர் கூலர் போடுவது அழகுக்காக என்றால் சரி, கட்டாயம் என்றால் இல்லை.

விளையாட்டும் வேண்டும், கோர்களும் வேண்டும் என்பவருக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: 2025 மார்ச்சில் வந்த ரைசன் 9 9950எக்ஸ்3டி. பதினாறு கோர், எல்3 128 எம்பி. எட்டு எட்டுக் கோர்களாக இருக்கும் இரண்டு துண்டுகளில் ஒன்றின் அடியில் மட்டுமே கூடுதல் கேஷ் இருப்பதால், விளையாட்டின் த்ரெட்கள் சரியான பாதியில் ஓடுகின்றனவா என்பதை விண்டோஸும் ஏஎம்டியின் சிப்செட் டிரைவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பார்த்துக்கொள்கின்றன. பெரும்பாலும் என்ற சொல் பிடிக்காதவர்கள் எட்டு கோரோடு நிற்பது மனநிம்மதி. அதில் தவறான பாதி என்ற ஒன்றே கிடையாது.

ஆகவே, வாரம் முழுக்க விளையாட்டு, வாரக் கடைசியில் ஒரு வீடியோ என்ற அளவில் வேலை இருந்தால் 9800எக்ஸ்3டி-யைத் தயங்காமல் எடுக்கலாம். ரெண்டர் முடிய ஐந்து நிமிடம் கூடுவது பெரிய இழப்பன்று. எடிட்டிங்தான் பிழைப்பு, விளையாட்டு பொழுதுபோக்கு என்றால் 285கே-யோ 9950எக்ஸ்3டி-யோதான் பொருத்தம். ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதன் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருப்பதையும் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர் மாற்றத் தேவையே இல்லை. சராசரியாக எட்டு சதவீத வேகக் கூடுதல் என்றுதான் ஏஎம்டியே அறிமுகத்தின்போது சொன்னது.

வாங்குவதென்று முடிவானால் இரண்டு எச்சரிக்கை. பழைய 600 வரிசை மதர்போர்டில் போடுவதாக இருந்தால், இந்த ப்ராசசரை அறிந்த பயாஸ் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ப்ராசசர் இல்லாமலே யூஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் பின்புறம் இருக்கும் போர்டுகளில் வேலை சுலபம். இரண்டாவது, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதன்முதலாக ஏஎம்5 கணினி ஒன்றைப் பூட்டி மின்சாரம் கொடுத்தபோது விசிறிகள் சுற்றின, போர்டில் மெமரிக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு அணைத்தேன். ரேம் குச்சியை இடம் மாற்றினேன், மறுபடி அணைத்தேன், ப்ராசசரைக் கழற்றிச் சாக்கெட்டின் ஊசிகளை டார்ச் அடித்துப் பார்த்தேன், தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து மீண்டும் பூசினேன். இப்படி ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. முதல் தடவை டிடிஆர்5 ரேமோடு எந்த நேர அளவில் பேசுவது என்பதை போர்டு தானே சோதித்துப் பழக்கிக்கொள்ளும் வேலை அது, பல நிமிடம் பிடிக்கும், ஒவ்வொரு முறை நான் அணைத்தபோதும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.